ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையின் 12-ஆம் பிளாக்கில் கேட்ட சிரிப்பு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் இருக்கும் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை அருங்காட்சியகத்துக்கு உங்கள் தங்கை போய் வந்திருக்கிறார். 12-ஆம் பிளாக்கில், ஆளே இல்லாத அறைப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது என்கிறார். வீட்டில் "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்கள். சிகாகோவின் பிரபல ரௌடித் தலைவர் அல் கபோனையே ஆவி துரத்திய இடமாமே, அங்கே நிஜமாகவே பேய் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். பேய் உண்டா இல்லையா என்பதைவிட வேறு ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தங்கை பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் அவர் கேட்டது என்ன? அந்தச் சிறையைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம்? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன்.

பழைய கல் கட்டடங்களையும் செங்கல் கட்டடங்களையும் பழுதுபார்த்துக் காப்பாற்றுவது என் தொழில். 20 ஆண்டுகளுக்கு மேல் இதையே செய்கிறேன். ஈஸ்டர்ன் ஸ்டேட்டில் நான் வேலை செய்ததில்லை. பார்வையாளனாக மூன்று முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் பகல் இருந்திருக்கிறேன். சுவர், கூரை, ஈரம், எதிரொலி பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். சிறையின் வரலாறு நான் படித்துத் தெரிந்துகொண்டது. மனித மனம் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதை எடுத்துச் சொல்லலாமே தவிர, அது என் துறை இல்லை. ஆவி உண்டா என்பதைக் கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட சத்தம், ஒரு குறிப்பிட்ட இடத்தில், எப்படி வந்திருக்கலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. 1787-இல் பிலடெல்பியாவில் சிறைக் கொடுமைகளைக் குறைப்பதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் செல்வாக்கு அதிகம். பெஞ்சமின் ரஷ் என்ற புகழ்பெற்ற மருத்துவரும் இருந்தார். அன்றைய சிறைகளில் ஆண், பெண், சிறுவர், கொலைகாரர், கடன்காரர் எல்லோரையும் ஒரே கூடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். பசியும் நோயும் அடிதடியும்தான் அங்கே வாழ்க்கை. ஒவ்வொருவரையும் தனியாக வைத்து, கையில் ஒரு வேலையும் ஒரு பைபிளும் கொடுத்தால், மனிதன் தன் மனசாட்சியோடு பேசி மனம் திருந்துவான் என்று இவர்கள் நம்பினார்கள். கெட்ட எண்ணம் கொண்ட ஆட்கள் இல்லை இவர்கள். அன்பினால் யோசித்த திட்டம் இது என்பதை மறந்துவிட்டால் அந்தச் சிறை புரியாது.

ஜான் ஹேவிலாண்ட் என்ற இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி 1822-இல் வேலை தொடங்கி, 1829 அக்டோபரில் முதல் கைதி உள்ளே வந்தார். சார்லஸ் வில்லியம்ஸ், 18 வயது, விவசாய வேலை, திருட்டுக் குற்றம், இரண்டு ஆண்டுத் தண்டனை. கட்டடம் முழுதாக முடிய 1836 ஆயிற்று. செலவு ஏறக்குறைய 7,80,000 டாலர். அன்றைய அமெரிக்காவில் இவ்வளவு பணம் விழுங்கிய கட்டடங்கள் மிகக் குறைவு. நடுவில் ஒரு வட்ட மையம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு பிளாக்குகள் விரியும்; மற்ற பிளாக்குகள் பின்னால் சேர்த்தவை. மையத்தில் நிற்கும் ஒரு காவலர் உடம்பைத் திருப்பினால் போதும், எல்லா நடைகூடங்களையும் பார்த்துவிடலாம். இதைப் பார்த்து உலகம் முழுக்க ஏறக்குறைய 300 சிறைகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு அறைக்கும் சூடேற்றும் வசதி, குழாய்த் தண்ணீர், தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பிடம், பின்னால் ஒரு சிறிய முற்றம். வெள்ளை மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தைய காலம் அது!

இப்போது என் தொழில் கண்ணுக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். வெளிமதில் 30 அடி உயரம். முகப்பு ஒரு கோட்டை மாதிரி இருக்கும்: கொத்தளங்கள், கூர்மையான வளைவுகள், அம்பு எய்வதற்கு வைத்தது போன்ற ஒடுங்கிய சன்னல்கள். எந்தப் படையும் அந்த மதில்மேல் வரப்போவதில்லை. கட்டட வேலையை மேற்பார்த்த குழு, உள்ளே போகிறவனுக்குக் காத்திருக்கும் துயரத்தை வெளியே நடந்து போகிறவர்களும் உணரும்படி முகப்பு இருக்க வேண்டும் என்று எழுதியே கேட்டது. தெருவில் போகிறவன் பயந்து, குற்றம் செய்யாமல் இருக்கட்டும் என்பது கணக்கு. ஆக, இன்றைக்கு அந்த வாசலில் நிற்கும்போது வயிற்றில் ஒரு குளிர் பரவினால், அது 200 ஆண்டுகளுக்கு முன் வரைபடத்திலேயே போட்ட பயம். ஹேவிலாண்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

உள்ளே போனால் கோட்டை மறைந்து கோயிலாகிவிடுகிறது. நீண்ட, உயர்ந்த, வளைந்த கூரையுள்ள நடைகூடங்கள். மாதா கோயிலின் நடுக்கூடம் போல. ஒவ்வொரு அறையின் உச்சியிலும் ஒரு சிறிய கூரைச் சன்னல். வெளிச்சம் வானத்திலிருந்து மட்டும்தான் விழும். அதைக் 'கடவுளின் கண்' என்று சொல்வதுண்டு. முதலில் கட்டிய பிளாக்குகளில் அறைக்கும் நடைகூடத்துக்கும் நடுவே கதவே கிடையாது. உணவு தள்ளுவதற்கு ஒரு சிறு திறப்பு மட்டும். ஆள் போய்வர முற்றத்தின் பக்கம்தான் வழி. கைதியை உள்ளே கொண்டுவரும்போது முகத்தை மூடும் முக்காடு போட்டுக் கூட்டி வருவார்கள். பக்கத்து அறையில் இருப்பவன் யார் என்று தெரியக்கூடாது. காவலர்கள் தங்கள் காலணிக்கு மேல் காலுறை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். உணவு வண்டியின் சக்கரங்களுக்குத் தோல் சுற்றினார்கள். அமைதியையே ஒரு கட்டுமானப் பொருளாக வைத்து அந்த இடத்தைக் கட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த அமைதிக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. 1831-இல் சிறைகளை ஆராய பிரான்சிலிருந்து வந்த டோக்வில்லும் பொமோனும் கைதிகளைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேசினார்கள். ஒரு கைதி சொன்னதை நான் மறந்ததே இல்லை: கோடையில் என் முற்றத்துக்குள் ஒரு சிள்வண்டு வந்தது, ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது; வண்ணத்துப்பூச்சியோ வேறு எந்த உயிரோ அறைக்குள் வந்தால் நான் அதற்கு ஒரு தீங்கும் செய்வதில்லை என்றாராம். இருவரும் திட்டத்தைப் பாராட்டித்தான் எழுதினார்கள். 1842-இல் வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதற்கு நேர் எதிர். மூளையோடு நாள்தோறும் மெல்ல மெல்ல விளையாடும் இந்தத் தண்டனை உடம்பை வதைப்பதைவிட மோசமானது என்று தன் பயண நூலில் கண்டித்தார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்ற வாதம் அன்றே எழுந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் சிறை மருத்துவர்களின் பதிவுகளிலேயே புத்தி பேதலித்த கைதிகள் வருகிறார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் பல நேரம் சுயஇன்பம்! தனிமையைக் குற்றம் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில், 1983-இல், ஸ்டூவர்ட் கிராஸியன் என்ற மனநல மருத்துவர் வேறொரு அமெரிக்கச் சிறையில் தனிமையில் இருந்தவர்களைச் சோதித்து எழுதினார்: இல்லாத குரல்கள் கேட்பதும், சின்னச் சத்தம்கூடத் தாங்க முடியாமல் போவதும் அவர்களிடம் இருந்தன. ஆகவே ஈஸ்டர்ன் ஸ்டேட்டில் 'ஆள் இல்லாத குரலை' முதலில் கேட்டவர்கள் சுற்றுலாப் பயணிகளாக இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். உயிரோடு அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களுக்குத்தான் அது முதலில் கேட்டிருக்கும்.

சித்திரவதைக் கதைகளில் எவ்வளவு நிஜம்? கொஞ்சம் அல்ல, நிறையவே நிஜம். 1834-இல் பென்சில்வேனியா சட்டமன்றம் ஒரு விசாரணை நடத்தியது. வாயில் இரும்பு மாட்டிக் கைகளோடு சேர்த்துச் சங்கிலியால் இழுத்துக் கட்டுவது, குளிர்காலத்தில் தண்ணீரைக் கொட்டுவது, அசைய முடியாத நாற்காலியில் கட்டி வைப்பது எல்லாம் அதில் வெளிவந்தன. மத்தையஸ் மக்கம்சி என்ற கைதி 1833-இல் அந்த இரும்பு வாய்ப்பூட்டோடு இறந்துபோனார். பேசினார் என்பதுதான் அவர் செய்த தவறு. கண்காணிப்பாளர் சாமுவேல் உட் பதவியில் தொடர்ந்தார். அப்புறம் 14-ஆம் பிளாக்குக்குக் கீழே வெளிச்சமில்லாத தண்டனை அறைகள் இருந்ததும் உண்மை; ஆனால் அவை 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

பொய்யான பகுதியும் உண்டு. "தூக்கில் போட்டவர்களின் ஆவி" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தலாம். ஈஸ்டர்ன் ஸ்டேட்டில் ஒருவருக்குக்கூட மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதில்லை. 1950-களின் கடைசியில் கட்டிய 15-ஆம் பிளாக்கில் மரண தண்டனைக் கைதிகளை வைத்திருந்தார்கள். ஆனால் மின்சார நாற்காலி இருந்தது அதே மாநிலத்தின் ராக்வியூ சிறையில். இங்கே இறந்தவர்களில் பலரைக் கொண்டுபோனது காசநோய் போன்ற நோய்கள்தான். கைதிகளுக்குள் நடந்த கொலைகளும் தற்கொலைகளும் கூடவே உண்டு.

ஒரு கதை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அங்கேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1924-இல் பெப் என்ற கறுப்பு நாய்க்கு அங்கே ஆயுள் தண்டனை கொடுக்கப்பட்டது, ஆளுநர் மனைவியின் பூனையைக் கொன்றதற்காக என்று சொல்வார்கள். கைதி எண் சி-2559, கழுத்தில் எண் பலகையோடு புகைப்படம் எல்லாம் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஆளுநர் கிஃபோர்ட் பின்ஷோ கைதிகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அந்த நாயைச் சிறைக்குக் கொடுத்தார். பூனைக் கொலை பத்திரிகையில் வந்த கற்பனை. ஆளுநரின் மனைவியே அதைப் பிறகு மறுத்தார். படம் உண்மை, எண் உண்மை, நாய் உண்மை, தண்டனை மட்டும் பொய். பேய்க் கதைகளையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அல் கபோன் விஷயத்தில் இந்தப் பிரிப்பு கொஞ்சம் கஷ்டம். 1929 மே மாதம் பிலடெல்பியாவில் துப்பாக்கியை மறைத்து வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு, ஓராண்டுத் தண்டனை பெற்றார். ஆகஸ்டில் ஈஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு வந்து 1930 மார்ச்சில் வெளியே போனார். அறையில் நல்ல மரச் சாமான்களும் ரேடியோவும் இருந்ததாக அன்றைய செய்தித்தாளே எழுதியது. இதுவரை சரி. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் நடந்த, கபோன் ஏவியதாகச் சொல்லப்படும் காதலர் தினப் படுகொலையில் செத்த ஜேம்ஸ் ('ஜிம்மி') கிளார்க்கின் ஆவி இரவில் வர, "ஜிம்மி, என்னை விட்டுவிடு" என்று கபோன் அலறியதாகச் சொல்வதுதான் சந்தேகத்துக்கு உரியது. நான் பார்த்தவரை, இதைச் சொல்கிறவர்கள் அந்தக் காலத்துச் சிறை ஆவணம் எதையும் காட்டுவதில்லை. "கைதிகள் கேட்டார்களாம்" என்பதோடு நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் சிஃபிலிஸ் நோய் கபோனின் மூளையைப் பாதித்தது மருத்துவர்கள் பதிவு செய்த விஷயம். 1929-லேயே அதன் அறிகுறி தொடங்கிவிட்டது என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். அது ஊகம், நான் அதில் கையெழுத்துப் போடமாட்டேன்.

சரி, உங்கள் தங்கைக்கு வருவோம். 12-ஆம் பிளாக்கில் சிரிப்பும் பேச்சும் கேட்பதாக முன்பும் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர் தனி ஆள் இல்லை. தனிமையில் பைத்தியமானவர்களின் சிரிப்பு அது என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் ஒரு இடறல் உண்டு. 12-ஆம் பிளாக் கட்டி முடிந்தது 1911-இல். தனிமைச் சிறை முறையை அதிகாரப்பூர்வமாகக் கைவிட்டது 1913-இல். நடைமுறையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இட நெருக்கடியால், ஓர் அறையில் ஒருவருக்கு மேல் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். டிக்கன்ஸ் பார்த்த மனிதர்கள் யாரும் அந்தச் சுவர்களுக்குள் இருந்ததே இல்லை. கதை 1840-களைச் சேர்ந்தது, கட்டடம் அதற்கு 70 ஆண்டுகள் பிந்தியது.

ஆனால் சத்தம் கேட்டிருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 12-ஆம் பிளாக் மூன்று அடுக்கு. குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். இருபுறமும் கடினமான சுவர், ஒலியை உறிஞ்ச ஒரு துணிகூடக் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே பந்து போல அடிபட்டுக்கொண்டே போகும். பேச்சில் வார்த்தைகள் குழம்பிப்போகும், ஆனால் ஏற்ற இறக்கம் மட்டும் மிச்சம் இருக்கும். வார்த்தை இல்லாத ஏற்ற இறக்கம் மனிதக் காதுக்கு எப்படிக் கேட்கும்? முணுமுணுப்பாக, இல்லையென்றால் சிரிப்பாக. சத்தம் வந்த திசையையும் அங்கே நம்ப முடியாது. மையத்துக்கு அருகில் யாரோ சிரித்தது, மேல் அடுக்குக் கோடியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். இரண்டாம் முறை போனபோது இதை நானே சோதித்தேன். நண்பர் ஒருவரை ஒரு கோடியில் மெல்லப் பேசச் சொல்லிவிட்டு மறுகோடியில் கண்ணை மூடி நின்றேன். என் இடது பக்க அறைக்குள் யாரோ பேசுவது போலத்தான் இருந்தது. காரணம் தெரிந்த எனக்கே கை முடி சிலிர்த்தது. இதோடு அங்கே பார்வையாளர்களுக்குக் காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டி தருகிறார்கள். அதில் முன்னாள் காவலர்கள், கைதிகளின் பதிவு செய்த குரல்கள் பேசும். பக்கத்தில் நிற்பவரின் காதிலிருந்து கசிந்தாலும் அந்த இடத்தில் அது வெகுதூரம் போகும்.

கட்டடமும் தானாகச் சத்தம் போடும். 1971-இல் சிறை மூடப்பட்ட பிறகு அது ஏறக்குறைய 20 ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. உள்ளே மரங்கள் வளர்ந்து காடாகிவிட்டது. 1994-இலிருந்து தினசரிப் பார்வைக்குத் திறந்திருந்தாலும், புதுப்பிக்காமல் இடிபாடாகவே நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் காரை இன்னும் உதிர்கிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு உப்பித் தன்னைச் சுற்றியுள்ள காரையை உடைக்கும். வெயில் இறங்கும் நேரத்தில் கதவும் கைப்பிடிக் கம்பியும் சுருங்கி 'டொக்' என்று ஒலிக்கும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பழைய கற்கட்டடத்தில், மாலையில் தனியாக அளவெடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் யாரோ நிதானமாக நடந்து போனார்கள், ஏழெட்டு அடி. கருவிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அதே நேரத்தில் ஆட்களோடு ஏறிப் பார்த்தோம். கூரைத் தகடுகள் வரிசையாகக் குளிர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின. காலடி மாதிரியேதான். அதனால்தான் உங்கள் வீட்டார் சொன்ன பழமொழி இங்கே பாதிதான் பொருந்தும் என்கிறேன். அரண்ட பிறகு நான் எதையும் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் அரண்டேன்.

6-ஆம் பிளாக்கில் நிழல் நகர்வதாகச் சொல்வதற்கும் இதே போல விளக்கம் உண்டு. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். கூரைச் சன்னல்களின் மேல் ஒரு மேகம் கடந்தால் அறைக்கு அறை வெளிச்சம் மாறும், கடைக்கண்ணில் அது ஓர் ஆள் நகர்வது போலப் படும். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் குழுவோடு இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பாலத்தடி அறைகளிலும் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. மக்கள் விசித்திர அனுபவம் சொன்னது எங்கெங்கோ இல்லை, குறிப்பிட்ட சில இடங்களில்தான். அது வெளிச்சம், அறையின் அளவு போன்றவற்றோடு தொடர்பு காட்டியது. காதுக்குக் கேட்காத தாழ் அதிர்வுதான் காரணம் என்று 1998-லிருந்து ஒரு கருத்தும் இருக்கிறது. ஓர் ஆய்வகத்தில் மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வை வைத்துச் சொன்னது. பின்னால் நடந்த சோதனைகள் அதை உறுதியாகத் தாங்கவில்லை. அதனால் நான் அதில் சாய்வதில்லை.

என் விளக்கத்துக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் 4-ஆம் பிளாக்கில் பழைய பூட்டு ஒன்றைக் கழற்றிய பூட்டு வேலைக்காரர், ஏதோ ஒரு சக்தி தன்னை அசையவிடாமல் பிடித்ததாகவும் சுவரில் முகங்கள் தெரிந்ததாகவும் சொன்னார். எதிரொலி ஒரு மனிதனைப் பிடித்து நிறுத்தாது. அது அவருக்குள் நடந்ததா, வெளியே நடந்ததா என்பது அவர் ஒருவர் மட்டுமே கண்ட காட்சியில் வெளியிலிருந்து சொல்லக்கூடியது அல்ல. அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

தங்கையிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். பகலில் போனாரா, ஹாலோவீன் சமயத்து இரவு நிகழ்ச்சிக்குப் போனாரா? 1991-லிருந்து இலையுதிர் காலத்தில் பராமரிப்புச் செலவுக்காக அங்கே திகில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அந்த இரவுகளில் கேட்கும் சிரிப்புக்கு நடிகர்களும் ஒலிபெருக்கியும் இருக்கிறார்கள். பகல் என்றால், மையத்தின் பக்கம் வேறு குழு ஏதாவது நின்றதா? அடுத்த முறை போனால் அதே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, சத்தம் வரும்போது உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். எதிரொலி என்றால் திசை மாறிக்கொண்டே இருக்கும். அதை முடித்துவிட்டு 1-ஆம் பிளாக்குக்குப் போய், திறந்திருக்கும் ஓர் அறைக்குள் கூரைச் சன்னலுக்கு நேர் கீழே நிற்கச் சொல்லுங்கள். சிள்வண்டுக்காகக் காத்திருந்த மனிதரும் அப்படி ஓர் அறையில்தான் இருந்தார்.